கேட்காமல் இருந்த நான்கு வெள்ளிக்கிழமைகள்

கீழே மளிகைக் கடைக்காரர் வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது, மாடியில் நாங்கள் பதினோரு பெண்கள் முழங்காலில் நின்றபடி ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜெபம் செய்யத்தான் கூடியிருந்தோம். ஆனால் யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

திருப்பதியில் திருச்சானூர் போகும் ரோட்டில், அந்த மளிகைக் கடைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீள அறை. அதுதான் எங்கள் சபை. ஞாயிறு காலையில் ஆராதனை, வெள்ளிக்கிழமை மதியம் பெண்கள் ஜெபக்கூட்டம். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. தமிழில் ஆரம்பித்த ஜெபம் தெலுங்கில் முடிந்தாலும் எங்களுக்கு வித்தியாசமே தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வாயை அடைத்தவர் பாஸ்டரம்மா. சித்தூர்ப் பெண். பெயர் சுகந்தி. வயது இருபத்து மூன்று. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. பாஸ்டரின் மனைவி என்பதால், அவளுடைய தாயாரின் வயதில் இருந்தவர்கள்கூட அவளை 'அம்மா' என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அவளுக்குக் காது சிவந்துவிடும்.

அன்று அவள் எழுந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, இந்த மாசம் நாலு வெள்ளிக்கிழமையும் நாம ஒண்ணுமே கேக்க வேணாம். விசா, வேலை, பொண்ணுக்கு மாப்பிள்ளை எதுவும் வேணாம். அவர் பரிசுத்தர். அதுக்காக மட்டும் அவரை ஆராதிப்போம்."

முன் வரிசையில் இருந்த பாக்கியம்மா கையைத் தூக்கினார். அறுபது வயது. எங்கள் எல்லோருக்கும் முன்பே சபைக்கு வந்தவர்.

"முட்டி வலிக்குக்கூடக் கேக்கக் கூடாதாம்மா?"

"நாலு வாரம் மட்டும்க்கா."

"நாலு வாரம் சும்மா இருன்னு முட்டிகிட்ட யாரு சொல்றது?"

முழங்காலில் நின்றோம். 'நீர் பரிசுத்தர், நீர் பரிசுத்தர்' என்று ஆளாளுக்குச் சொன்னோம். இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. கைவசம் வேறு சரக்கு இல்லை. அப்போதுதான் அந்தக் குக்கர் சத்தம்.

பாக்கியம்மா மெல்ல ஆரம்பித்தார். "பரிசுத்தமான ஆண்டவரே, நீர் எல்லாத்தையும் அறிஞ்சவர். என் எடது முட்டியையும் அறிஞ்சவர்..."

யாரோ களுக்கென்று சிரிக்க, அறை முழுவதும் சிரிப்பு பரவியது. பாஸ்டரம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. நான்கு வாரம் கேட்காமல் இருக்கும் நிலையில் நான் இல்லை.

சூட்கேஸ்கள் புறப்பட்ட காலம்

என் வீட்டுக்காரர் தேவராஜ் ஜீப் டிரைவர். ரயில் நிலையத்தில் இறங்கும் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு காளஹஸ்தி, காணிப்பாக்கம் என்று சுற்றிக்காட்டிவிட்டு லாட்ஜில் இறக்கிவிடுவார். ஸ்டியரிங்கில் கை வைத்தால் பாட்டு தானாக வந்துவிடும் மனிதர்.

குவைத்தில் சண்டை முடிந்து ஆட்கள் மறுபடி போக ஆரம்பித்த நாட்கள் அவை. ஒரு பக்கம் ஊரில் புதுப் புது லாட்ஜ்கள் எழும்பின, மொட்டை மாடிகளில் கேபிள் ஒயர்கள் தொங்கின, முக்குக்கு முக்கு எஸ்.டி.டி. பூத் வந்தது. இன்னொரு பக்கம் மாதத்துக்கு ஒரு சூட்கேஸாவது எங்கள் தெருவிலிருந்து கிளம்பியது. சித்தூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஏஜென்ட் ஒருவன் அறை எடுத்திருந்தான். "டிரைவர் வேலை, பெரிய வீடு, ரூம் ஃப்ரீ" என்றான். தேவராஜும் குவைத்துக்குக் கிளம்பினார்.

பாம்பேயிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. 'இன்றைக்கு விமானம். போனதும் எழுதுகிறேன். ரூத்துக்கு முத்தம்' என்று மூன்றே வரி.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், நான்கு மாதம். சித்தூருக்கு இரண்டு தடவை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். முதல் தடவை ஏஜென்ட், "சேந்துட்டாரும்மா, வேலையில கீறாரு, லெட்டர் வரும்" என்று தெலுங்கும் தமிழுமாகச் சொல்லி அனுப்பினான். இரண்டாம் தடவை அறைக் கதவு பூட்டியிருந்தது; வெளியூர் போயிருக்கிறான், வருவான் என்றார்கள் பக்கத்துக் கடையில்.

முதல் பொய்

முதல் பொய்யை நான் சபையில் சொல்லவில்லை. என் மகளிடம்தான் சொன்னேன்.

ரூத்துக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்பாள். "நைனா கடுதாசி போட்டாராம்மா?"

தினமும் இல்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துபோயிருந்தது. ஒருநாள், "போட்டாரு கண்ணு" என்றேன். அந்தக் குழந்தையின் முகம் மலர்ந்ததைப் பார்த்திருந்தால் நீங்களும் அடுத்த வரியைச் சொல்லியிருப்பீர்கள். "பெரிய வெள்ளைக் காரு ஓட்றாராம். நம்ம ஜீப்பு மூணு சேர்ந்த நீளமாம்."

ரூத் அதைத் தெருவில் சொன்னாள். தெரு என்னிடம் கேட்டது. மகளைப் பொய்க்காரி ஆக்க மனமில்லாமல் நானும் தலையாட்டினேன். வீட்டு எஜமானியம்மா அவருக்குக் கைக்கடிகாரம் கொடுத்ததாக ஒரு வாரம். அந்த ஊர்ச் சமையலை அவர் கற்றுக்கொண்டதாக இன்னொரு வாரம். சொல்லச் சொல்ல எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. அவர் உயிரோடு நன்றாக இருக்கும் ஒரே இடம் அந்தப் பொய்தான் என்பதுபோல அதற்குள்ளேயே குடியிருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றேன். தேவன் எங்கள் குடும்பத்தை உயர்த்தினார் என்றேன். காரைச் சொன்னேன், கடிகாரத்தைச் சொன்னேன். சபை கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னது.

கைதட்டியவர்களில் ஒருத்தி கன்னியம்மா. நான் அறைகள் கழுவும் லாட்ஜில் என்னோடு வேலை செய்தவள். குப்பம் பக்கம் சாந்திபுரத்துக்காரி. நெற்றியில் பொட்டோடு வந்து கதவோரம் உட்காருவாள். ஜெபம் முடியும்வரை அசையமாட்டாள். ஞானஸ்நானம் எடுக்கவில்லை. எடு என்று யாரும் அவளை நெருக்கவும் இல்லை. என் மதியச் சோற்றில் பாதி அவளுடையது, அவள் களியில் பாதி என்னுடையது.

கூட்டம் முடிந்ததும் கன்னியம்மா என் கையைப் பிடித்தாள். "அக்கா, எந்தம்பி வேலு சும்மாதான் ஊர்ல சுத்திக்கினு கீறான். அந்த ஏஜென்ட்டு அட்ரஸ் குடேன்."

சபை நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில், என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

பினாயில் வாசனை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பரிசுத்தம் என்ற சொல் எனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொன்னால் சரியாக இருக்காது.

என் நைனா புத்தூரில் விசைத்தறி ஓட்டியவர். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நின்றவர் என்பதால் எதையும் கத்தித்தான் பேசுவார். வீட்டில் தண்ணீர் கேட்டால் நான்கு வீடு தள்ளிக் கேட்கும். ஆனால் சர்ச்சுக்குள் 'பரிசுத்த' என்ற சொல் வரும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார். ஏன் என்று கேட்கும் வயது எனக்கு வந்தபோது அவர் இல்லை.

எனக்குத் தெரிந்தது சுத்தம்தான். லாட்ஜில் ஒரு நாளைக்குப் பதினெட்டு அறை. பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் பட்டு நகக்கண் வெந்திருக்கும். ஒருமுறை பாஸ்டரம்மா, பரிசுத்தம் என்றால் என்ன என்று கூட்டத்தில் கேட்டபோது, "பினாயில் ஊத்திக் கழுவுன மாதிரி" என்று நான்தான் சொன்னேன்.

அந்த லாட்ஜில்தான் இன்னொன்றும் பார்த்தேன். விடியுமுன் எழுந்து, குளிர்ந்த தண்ணீரில் குளித்து, காப்பிகூடக் குடிக்காமல், அலிபிரியிலிருந்து வெறுங்காலோடு மலையேறக் கிளம்புவார்கள் யாத்திரிகர்கள். அவர்கள் வணங்குவது வேறு, நான் வணங்குவது வேறு. ஆனாலும், ஈரத் தலையோடு பேச்சில்லாமல் படியிறங்கிப் போகும் அவர்களைத் துடைப்பத்தோடு ஒதுங்கி நின்று பார்க்கும்போது ஒரு வெட்கம் வரும். நான் என் கடவுளிடம் இப்படி ஒருநாளாவது போயிருக்கிறேனா? கையில் மனுவைப் பிடித்துக்கொண்டு ஓடத்தானே செய்திருக்கிறேன்?

இரண்டாவது வெள்ளி

இரண்டாவது வெள்ளிக்கிழமை பாஸ்டரம்மா வேதத்திலிருந்து ஒரு பகுதியை வாசித்தாள். ஒரு தீர்க்கதரிசி, உயர்ந்த சிங்காசனத்தில் கர்த்தரைப் பார்க்கிறார். சிறகுள்ளவர்கள் பறந்துகொண்டே பரிசுத்தர் என்று மூன்று தரம் கூப்பிடுகிறார்கள். கதவு நிலைகள் அதிர்கின்றன. அதைப் பார்த்த அந்த மனிதர் எதையும் கேட்கவில்லை. ஐயோ என்று அலறுகிறார். தன் உதடுகள் அசுத்தமானவை என்கிறார்.

வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "சொல்லத் தெரியலக்கா. எனக்கு இதைப் படிச்சாலே பயமா இருக்குது, ஆனா திரும்பத் திரும்பப் படிக்கணும்னும் இருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

அன்று யாரும் சிரிக்கவில்லை. பாக்கியம்மாகூட முட்டிப் பேச்சை எடுக்கவில்லை. முதல் வாரம் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோன அதே சொல், அன்று கால் மணி நேரம் அறைக்குள் ஓடியது. தெலுங்குப் பெண்கள் 'பரிசுத்துடு' என்று மெதுவாகச் சொல்ல, தமிழில் நாங்கள் சொல்ல, இரண்டும் ஒன்றாகக் கலந்து ஒரு முணுமுணுப்பாக இருந்தது.

நானும் சொல்லப் பார்த்தேன். முதல் எழுத்துக்குமேல் உதடு நகரவில்லை.

கூட்டம் கலைந்தபோது கன்னியம்மா ஒரு மைசூர்பாக்குப் பொட்டலத்தோடு வந்தாள். "வேலுக்கு விசா வந்துடிச்சிக்கா! வர்ற வாரம் போயி, அதுக்கடுத்த ஞாயித்துக்கெழம பாம்பே ரயிலு. துன்னு, மொதல்ல நீதான் துன்னணும்."

வாயில் ஊட்டியே விட்டாள். அந்த இனிப்பை எப்படி விழுங்கினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மூன்றாவது வெள்ளி

அடுத்த ஒரு வாரம் நான் செய்ததெல்லாம் கணக்குப்போட்டு என்னை நானே ஏமாற்றிக்கொண்டதுதான். வேலுவுக்கு நல்ல இடமே கிடைக்கலாம். தேவராஜுக்கே நல்ல இடம் கிடைத்து, கடுதாசி மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். உண்மை சொன்னால் ரூத்தை எல்லோரும் கேலி செய்வார்கள். என்னைச் சபையைவிட்டுத் தள்ளிவிடுவார்கள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மதியம் நல்ல வெயில். ஆஸ்பெஸ்டாஸ் கூரை சூடு இறக்கிக்கொண்டிருந்தது. முழங்காலில் நின்றோம்.

அன்று எனக்குள் நடந்ததை எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூடச் சரியாக வந்ததில்லை. ஆபீஸ் ஜன்னலில் மனுக் கொடுக்கிறவர்கள் உள்ளே இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை; காகிதத்தை வாங்கிக்கொள்ளும் கையைத்தான் பார்ப்பார்கள். அத்தனை வருடமும் நான் அப்படித்தான் ஜெபம் செய்திருந்தேன். அன்று கையில் மனு இல்லாததால், வேறு வழியில்லாமல், முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தேன்.

என்னை அவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார்.

காட்சி எதையும் நான் காணவில்லை, குரல் எதையும் கேட்கவில்லை. ஆனால் அந்த அறையில் என்னைவிடச் சுத்தமான, மிக மிகச் சுத்தமான ஒருவர் இருக்கிறார் என்பது, கூரையின் சூடு தெரிந்ததுபோலவே தெரிந்தது. அவர் என்மேல் கோபமாக இருப்பதாகத் தோன்றவில்லை. கோபமாக இருந்திருந்தால்கூட ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். அந்த வெளிச்சத்தின் முன்னால் என் வெள்ளைக் காரையும் கைக்கடிகாரத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

மாதக்கணக்காகப் பொய்யை மடியில் வைத்துக்கொண்டே அவரிடம் என்னவெல்லாமோ கேட்டேன். கேட்பதற்கு அந்தப் பொய் ஒருநாளும் குறுக்கே வந்ததில்லை. 'நீர் பரிசுத்தர்' என்று சொல்லும்போதுதான் அது தொண்டையில் நின்றது.

எழுந்து வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். பின்னாலேயே பாஸ்டரம்மா வந்தாள். எனக்குக் கீழே ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள்.

"பாஸ்டரம்மா, நான் சபையில சொன்னது பொய் சாட்சி. எட்டு மாசமா அவர்கிட்டருந்து ஒரு வரி வரல. உயிரோட கீறாரான்னே தெரியல."

என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. பயந்துவிட்டாள் பாவம், சின்னப் பெண்.

"கன்னியம்மா தம்பி ஞாயித்துக்கிழமை போறாரில்லக்கா?"

"ஆமா."

"நான் கூப்பிட்டு வரட்டுமா? கூடவே நிக்கட்டுமா, உள்ள போயிடட்டுமா?"

"நில்லு," என்றேன். 'அம்மா' என்று சேர்க்க மறந்துவிட்டேன்.

கன்னியம்மா வந்தாள். அதே படியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"எட்டு மாசமாவா?"

"எட்டு மாசமா."

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சாந்திபுரம் பஸ்

வேலுவிடம் நானே நேரில் சொல்லிவிடுவதென்று, மறுநாள் விடிந்ததும் ரூத்தைப் பாக்கியம்மா வீட்டில் விட்டுவிட்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். கன்னியம்மா ஏற்கெனவே சித்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடத்தில் பையை வைத்திருந்தாள். நான் இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தேன்.

சித்தூரில் இறங்கி குப்பம் பஸ்ஸுக்கு மாறினோம். அதிலும் அவள் முன்னால், நான் பின்னால். பலமநேரியில் பஸ் நின்றபோது தக்காளிக் கூடைகள் ஏறி, இடம் நெருக்கடியாயிற்று. கண்டக்டர் தெலுங்கில் அதட்டி அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் முந்தானையிலிருந்து ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்து, முகத்தைத் திருப்பாமலே என் மடியில் வைத்தாள்.

"காலைல ஒண்ணும் துன்னிருக்க மாட்டியே," என்றாள்.

அழுகையை அடக்கிக்கொண்டு கடலை தின்றேன்.

வேலு வாசலில் புது ஷூ போட்டுக்கொண்டு நடந்து பழகிக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். அவர்கள் அப்பா காலம்வரை சொந்தமாகக் காணியில்லாத குடும்பம். இப்போதுதான் கொஞ்சம் நிலம் வந்து, ராகியும் தக்காளியும் போட்டிருந்தார்கள். வெளிநாடு போகிற முதல் ஆள் அவன் என்பதால் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனதாம்.

நான் சொல்லி முடித்ததும் அவனுக்குக் கோபம் வந்தது.

"அன்னிக்கி காரு, வாச்சுன்னு நீதானேக்கா எங்கக்காகிட்ட சொன்ன? இப்ப நான் கெளம்பற நேரத்துல வந்து எல்லாம் பொய்யின்றியே. இன்னா, நான் போறது உனக்குப் பொறுக்கலையா?"

என் பொய்யை நம்பிய அளவுக்கு யாரும் என் உண்மையை நம்பத் தயாராக இல்லை. கன்னியம்மா எனக்காக வாய் திறப்பாள் என்று பார்த்தேன். அவள் திறக்கவில்லை. அது நியாயம்தான்.

பையிலிருந்து அந்தப் பாம்பேக் கடுதாசியை எடுத்து அவனிடம் கொடுத்தேன். "எங்கிட்ட கீறது இது ஒண்ணுதான் தம்பி. முத்திரையில தேதி பாரு. இதுக்கப்புறம் வந்ததுன்னு நான் சொன்னதெல்லாம் நானா சொன்னது."

வேலு அந்த மூன்று வரியைப் படித்தான். திருப்பி முத்திரையைப் பார்த்தான். மறுபடி படித்தான். பிறகு கல்மேல் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். புது முடிச்சு, சீக்கிரம் அவிழவில்லை. அவன் மனைவி குனிந்து அவிழ்த்துக் கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் கன்னியம்மா தானாகவே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெங்கடகிரிகோட்டை தாண்டியதும் கேட்டாள்:

"சரி, இப்ப உன் ஊட்டுக்காரருக்கு இன்னா பண்றது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு மாதமாக அவரை வேறு யாருமே தேடவில்லை. நன்றாக இருப்பவரை யார் தேடுவார்கள்? ரூத்தின் முகத்துக்காக நான் கட்டிய வீட்டுக்குள் என் கணவரையே வைத்துப் பூட்டியிருந்தேன்.

நான்காவது வெள்ளி

நான்காவது வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

பாக்கியம்மாதான் முதலில் வாய் திறந்தார். "மூணு ஜீப்பு நீளம்னியே, அத்த எப்பிடிச் சந்துல திருப்புவாங்கன்னு நான் அன்னிக்கே ரோசனை பண்ணேன்."

ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பாக்கியம்மா வலிக்கிற முட்டியை ஊன்றி எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "போடி பைத்தியக்காரி. எட்டு மாசம் தனியா அழுதியா?" என்றார். அதற்குப் பிறகு அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

எல்லோரும் முழங்காலில் நின்றோம். நான் வாயைத் திறந்தேன். 'நீர் பரிசுத்தர்' என்ற இரண்டு சொல்லும் முழுசாக வெளியே வந்தன. என் நைனாவின் குரல்போல அது தாழ்ந்திருந்தது. எத்தனை தரம் சொன்னேன் என்று நினைவில்லை. தொட்டால் அழுக்காகிவிடும் என்று ஒதுங்குகிற சுத்தம் அல்ல அது. அழுக்கோடு வந்தவளை அருகில் சேர்த்துக்கொண்டும் குறையாத சுத்தம். பினாயில் என்று சொன்னதற்காக அன்று மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுச் சபையிலும் மறுபடி சொன்னேன். வீட்டில் ரூத்திடமும் சொன்னேன். அதுதான் எல்லாவற்றிலும் கடினம். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதன் பிறகுதான் தேடல் ஆரம்பமானது. வீட்டில் தேவராஜின் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் இருந்தது. பாஸ்டர் அதை வைத்துச் சித்தூர் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார், தூதரகத்துக்கு இங்கிலீஷில் எழுதினார். குவைத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த எங்கள் சபைப் பெண் ஒருத்திக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டோம். அவள் அங்கே கூடும் தெலுங்குக்காரர்களிடம் விசாரித்தாள். அவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, தூதரகம் அவரை ஊருக்கு அனுப்ப ஐந்து மாதம் ஆயிற்று.

வந்து சேர்ந்தவர்

ஒரு காலை வேளை ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும். கழுத்து மெலிந்து, சட்டை பெரிதாகத் தெரிந்தது. ரூத்துக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவியபின் சொன்னார்: "ஆடு மேய்ச்சேன் எஸ்தரு. மணல்ல ஒரு கூடாரம். கண்ணுக்கெட்ட மட்டும் ஆளு கெடையாது. வாரத்துக்கு ஒருக்கா தண்ணி லாரி வரும். அவன்கிட்டதான் கடுதாசி குடுத்துக்கினே இருந்தேன். ஒண்ணும் போடல போலக்கீது."

என்னுடைய பொய்யையும் நான் அவரிடம் சொன்னேன். காரைப் பற்றிச் சொல்லும்போது என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "வெள்ளைக் காரா?" என்றார். "வெள்ளை," என்றேன். திட்டவில்லை. என் தலையில் கை வைத்து ஒரு முறை ஆட்டிவிட்டு எழுந்து போனார்.

கேட்கக் கூடாத ஒன்றை அன்று மாலை கேட்டுவிட்டேன். "அங்க ஜெபம் பண்ணீங்களா?"

"மொதல்ல பண்ணேன். கத்திக் கத்திக்கூடப் பண்ணேன். அப்புறம் அவரோட பேசறதையே உட்டுட்டேன்."

முதல் ஞாயிறு, பாஸ்டர் சாட்சி நேரத்தில் அவரை ஆவலோடு பார்த்தார். இவர் தலையை மட்டும் அசைத்து மறுத்தார். பழைய எஸ்தராக இருந்திருந்தால் நானே எழுந்து, வனாந்தரத்தில் தேவன் அவரோடு பேசினார் என்று நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பேன். பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பாஸ்டரம்மாவும் அவரை எதுவும் கேட்கவில்லை.

மறுபடி ஜீப் ஓட்டப் போனார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் வரும் பாட்டு மட்டும் வரவில்லை. ஞாயிறுதோறும் சபைக்கு வருவார். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது அவர் மட்டும் உட்கார்ந்தே இருப்பார். நானும் முன் வரிசையை விட்டு அவர் பக்கத்துக்குப் போய்விட்டேன். மழைக்காலம் முடிந்து பனியும் வந்தது.

ஒரு ஞாயிறு, ஆராதனை நேரம். நான் முழங்காலில் கண்ணை மூடியிருந்தேன். பக்கத்தில் துணி உரசும் சத்தம். கண்ணைத் திறந்தேன். தேவராஜ் என் பக்கத்தில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது. கைகள் இரண்டும் தொடைமேல் கிடந்தன.

"எனக்கு வார்த்தை வரல எஸ்தரு," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"பரவால்லங்க."

"நீ சொல்லு. நான் பக்கத்துல கீறேன்."

நான் சொன்னேன். நிதானமாக, அவருக்கும் சேர்த்துச் சொன்னேன். ஒவ்வொரு முறை நான் 'பரிசுத்தர்' என்று முடிக்கும்போதும், அவர் மூச்சை மெல்ல வெளியே விடுவது எனக்குக் கேட்டது.